ஹோட்டல் வரியில் நூலகத்துக்குப் பங்கு: எப்படிக் கேட்டால் கையில் நிற்கும்?

கடலோரக்_காக்கை

எல்லோருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. கவுன்சிலில் இருப்பதே ஐந்து பேர். ஒருவர் எங்கள் தெருக்காரர், இன்னொருவர் என் மகனுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர்.

இங்கே ஹோட்டலில் அறை எடுப்பவர்கள் வாடகைக்கு மேல் 10 சதவீதம் நகரத்துக்கு வரி கட்டுகிறார்கள். அதை 12 ஆக்கலாமா என்று கவுன்சில் பேசத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கூடுதல் இரண்டு சதவீதம் நகர நூலகத்துக்கு வரவேண்டும் என்று நூலக நண்பர்கள் குழுவில் இருக்கிற நாங்கள் கேட்கிறோம். நூலகம் நகரத்தினுடையது, கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தினுடையது அல்ல. ஞாயிறும் திங்களும் பூட்டு. மற்ற நாட்களில் மாலை ஐந்தரைக்கே விளக்கை அணைத்துவிடுகிறார்கள். வேலைக்குப் போய்வருகிற ஒருவர் அந்தக் கட்டடத்தின் உள்பக்கத்தைப் பார்க்கவே சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். சிறுவர் பகுதியில் கூரை ஒழுகுகிறது. சிறுவர் நூலகர் ஓய்வு பெற்றார், அந்த இடத்தை நிரப்பவே இல்லை. நாங்கள் பழைய புத்தகம் விற்றுச் சேர்க்கிற காசு கோடைக்காலக் கதை நேரத்துக்கும் பொம்மலாட்டக்காரருக்கும் காணும். கூரைக்கு எங்கே காணும்?

போன கூட்டத்தில் ஹோட்டல்காரர்கள் எழுந்து, "எங்கள் விருந்தாளிகள் கட்டுகிற பணம், இன்னும் நாலு விருந்தாளிகளைக் கொண்டுவரத்தான் செலவாக வேண்டும்" என்றார்கள். சிட்டி மேனேஜர் வேறொன்று சொன்னார். "நூலகத்துக்கு" என்று மெஷரில், அதாவது ஊர் மக்கள் ஓட்டுக்கு விடுகிற முன்மொழிவில், எழுதிவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமாம். எழுதாமல் பொதுவாக விட்டால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதுமாம். எங்கள் குழுத் தலைவி எண்பதைத் தாண்டியவர், யாருக்கும் பயப்படாதவர். "எழுதாமல் விட்டால் எங்கள் கையில் என்ன இருக்கும், உங்கள் புன்னகையா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

எழுதச் சொல்வதா, வேண்டாமா? எழுதாமலேயே கட்டிப்போட வழி ஏதாவது உண்டா? இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. ஒரு ராத்திரி தங்கிப்போகிறவர் எங்கள் ஊர் நூலகத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் நேர்மையான பதில் என்ன? இந்த மாதிரி வேலைகளைக் கிட்டே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஹூஸ்டன்_மணி

எங்க டெக்சாஸ்ல இந்தக் கேள்வி எழவே எழாது அக்கா. இங்க ஹோட்டல் வரியை எதுக்குச் செலவு பண்ணலாம்னு மாநிலச் சட்டமே பட்டியல் போட்டு வெச்சிருக்கு. வரிச் சட்டத்துல 351-ஆவது அத்தியாயம். முதல்ல, அந்தச் செலவு சுற்றுலாவையும் மாநாட்டு, ஹோட்டல் தொழிலையும் நேரடியா வளர்க்கணும். அதோட பட்டியல்ல இருக்கற இனங்கள்ல ஒண்ணுலயும் அது அடங்கணும். மாநாட்டு அரங்கம், விளம்பரம், கலை, பழங்காலக் கட்டடப் பாதுகாப்புன்னு போகுது. விசிட்டர் சென்டர் இருக்கு, நூலகம் இல்லை. கலைக்குக்கூட பெரும்பாலான ஊர்கள்ல வசூல்ல 15 சதவீதத்துக்கு மேல தொடக்கூடாது.

ஹூஸ்டன்ல ரூம் போட்டா மொத்தம் 17 சதவீதம் வரி. மாநிலத்துக்கு 6, நகரத்துக்கு 7, கவுண்டிக்கு 2, மிச்சம் 2 விளையாட்டரங்கம் கட்டற ஆணையத்துக்கு. ஸ்டேடியத்துக்குத் தனிப் பங்கு உண்டு, நூலகத்துக்கு ஒரு சென்ட் கிடையாது. நான் ஃபுட்பால் பாக்கறவன், எனக்கே இது கொஞ்சம் ஓவராத்தான் தெரியுது.

ஆனா உங்க ஹோட்டல்காரங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கில்ல? வெளியூர்க்காரனுக்கு உங்க ஊர்ல ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாதவன் தலையில வரி ஏத்தறது எல்லாருக்கும் சுலபம். இதையும் யோசிச்சுப் பாருங்க.

---

கணக்குப்பிள்ளை

வணக்கமுங்க காக்கை அம்மணி. கலிபோர்னியாவுல ஒரு நகராட்சி நிதி அலுவலகத்துல ரொம்ப வருஷம் குப்பை கொட்டி, இப்ப வீட்ல தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கறவன் நான். மாசாமாசம் ஹோட்டல்காரங்க கட்டற வரிக்கான படிவத்தைச் சரிபாக்கறது என் மேசை வேலை. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல மணி தம்பிக்கு. டெக்சாஸ் வேற, இது வேற. இங்க வருவாய், வரிச் சட்டத்துல 7280-ஆவது பிரிவு சொல்றது, 30 நாளோ அதுக்குள்ளயோ தங்கறவங்க மேல நகரமோ கவுண்டியோ வரி போடலாம்னு. அந்தப் பணத்தைச் சுற்றுலாவுக்குத்தான் செலவழிக்கணும்னு அதுல கட்டளை கிடையாது. பெரும்பாலான ஊர்ல அது நேரா ஜெனரல் ஃபண்டுல, அதாவது நகரத்தோட பொது நிதியில விழுது. போலீஸ், தீயணைப்பு, ரோடு, பூங்கா, நூலகம் எல்லாம் அந்த ஒரே பானையில இருந்துதான். அதனால "இது எங்க பணம்"ங்கறது ஆசை, சட்டம் இல்லை. ஊர் விளம்பரத்துக்குன்னு ஹோட்டல்காரங்களே சேர்ந்து சுற்றுலா மேம்பாட்டு மாவட்டம்னு ஒண்ணு வெச்சுக்க இங்க வழி இருக்கு. அதுக்கு ரூம் பில்லுல தனிக் கட்டணமா ஒண்ணோ ரெண்டோ சதவீதம் போடுவாங்க. உங்க ஊர்ல அது இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா, விளம்பரத்துக்குப் பணம் இல்லைங்கற பேச்சு கூட்டத்துல எடுபடாது.

இப்ப உங்க சிட்டி மேனேஜர் சொன்னது. அவர் சொன்னது சரிதானுங்க. 1978-ல மாநிலம் பூரா ஓட்டுக்கு விட்டு வந்த 13-ஆவது முன்மொழிவு சொத்து வரியை ஒரு சதவீதத்துல கட்டிப்போட்டுது; தனி நோக்கத்துக்கான வரின்னா மூணுல ரெண்டு பங்கு வாக்கு வேணும்னும் சொல்லுச்சு. 1996-ல 218-ஆவது முன்மொழிவு அதை இன்னும் இறுக்குச்சு. பொதுவான வரிக்குப் பாதிக்கு மேல வேணும், அதையும் கவுன்சில் தேர்தல் நடக்கற வழக்கமான நாள்லதான் கேக்கணும். ஒரு நோக்கத்துக்குன்னு எழுதிட்டா மூணுல ரெண்டு. நூத்துக்கு அறுபத்தேழுன்னு வெச்சுக்குங்க. அதைத் தொடறது லேசு இல்லை. சான் டியேகோவுல 2020 மார்ச்சுல ஹோட்டல் வரியை ஏத்த ஒரு மெஷர் வந்துச்சு, மாநாட்டு அரங்கம், வீடில்லாதவங்க, ரோடுன்னு. கிடைச்சது 65 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. வேற எந்த ஊர்லயும் வேற எந்தப் போட்டியிலும் அது பிரமாதமான வெற்றி. அங்க அது வெற்றியா தோல்வியான்னு கோர்ட்டுல வருஷக்கணக்கா இழுத்து, கடைசியில 2025 மே மாசந்தான் வரி ஏறுச்சு.

கோர்ட்டுக்கு ஏன் போச்சுன்னு கேளுங்க, உங்களுக்கு வேண்டிய விஷயம் அங்கதான் இருக்கு. 2017-ல அப்லாண்டுங்கற ஊர் சம்பந்தப்பட்ட வழக்குல மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு: 218-ல இருக்கற சில கட்டுப்பாடு கவுன்சில் கொண்டுவர்ற வரிக்குத்தான், ஜனங்க கையெழுத்து வாங்கிக் கொண்டுவர்றதுக்கு இல்லைன்னு. அதைப் பிடிச்சுக்கிட்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், ஜனங்க கொண்டுவர்ற தனி நோக்க வரிக்குப் பாதிக்கு மேல இருந்தாலே போதும்னு சொல்லிடுச்சு. சான் டியேகோ மெஷரும் கையெழுத்து வாங்கி வந்ததுதான். ஆனா நகர அதிகாரிங்க அதுல எவ்வளவு தூரம் கை வெச்சாங்க, அது நிஜமாவே ஜனங்களோடதுதானாங்கறதுதான் வழக்கே.

அதனால நீங்க கையெழுத்து வழியில போறதா இருந்தா, உங்க தெருக்காரக் கவுன்சிலரைப் பேனா பக்கம் விடாதீங்க. டீ குடுத்து அனுப்புங்க, வாசகம் எழுத விடாதீங்க. ஊர்ல பதிவான வாக்காளர்கள்ல 10 சதவீதம் கையெழுத்து வேணும். சின்ன ஊருக்கு அது ஒண்ணும் மலை இல்லை, சனிக்கிழமை சந்தையில ரெண்டு மேசை போட்டா நடக்கும். இந்தச் சட்டத்தை மாத்தணும்னு பிடிவாதமா நிக்கறவங்களும் இருக்காங்க. அதனால போகறதுக்கு முன்னாடி உள்ளாட்சி வரி தெரிஞ்ச ஒரு வக்கீல் கிட்டக் காட்டிடுங்க. சிட்டி அட்டர்னி உங்க வக்கீல் இல்லை, அவர் நகரத்தோட வக்கீல். இதைப் பல பேர் குழப்பிக்கறாங்க.

இன்னொரு வழியும் இருக்குது. ஒரே வாக்குச்சீட்டுல ரெண்டு மெஷர். முதலாவது, ஹோட்டல் வரியை ஏத்தலாமா, பணம் ஜெனரல் ஃபண்டுக்கு. ரெண்டாவது, ஏறினா அந்தப் பணம் நூலகத்துக்குப் போகணும்னு நினைக்கிறீங்களா? ரெண்டாவது வெறும் ஆலோசனை. ரெண்டும் பாதிக்கு மேல வந்தாப் போதும், நீதிமன்றமும் 1998-லயே இது சரின்னு சொல்லிடுச்சு. ஆனா ஆலோசனை ஆலோசனைதானுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு புதுசா வந்த கவுன்சில் அதை மடிச்சுப் பரண்ல போட்டா ஒண்ணும் செய்ய முடியாது.

இது எல்லாத்தையும் விட எனக்குப் பெரிசாத் தெரியறது ஒண்ணு இருக்கு. இப்ப நூலகத்துக்கு ஜெனரல் ஃபண்டுல இருந்து வருஷம் ஒரு தொகை வருதில்ல? புது வரியில ரெண்டு லட்சம் டாலர் வருதுன்னு வெச்சுக்குங்க. கவுன்சில் அந்த ரெண்டு லட்சத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு நூலகத்துக்குக் குடுக்கும். அதே ராத்திரி பட்ஜெட்டுல பழைய தொகையில ரெண்டு லட்சத்தைச் சத்தமில்லாம உருவிக்கும். யாரும் பொய் சொல்லலை, யாரும் திருடலை. பேப்பர்ல நூலகத்துக்குத் தனி வரி. கூரை ஒழுகிக்கிட்டே இருக்கும். என் மேசையில இருந்து இது நடக்கறதைப் பார்த்தவன் நான், நூலகத்துல இல்லை, வேற துறையில.

அதனால வரி எத்தனை சதவீதம்ங்கறதை விட்டுட்டு, "இந்த நிதியாண்டுல ஜெனரல் ஃபண்டு குடுக்கற தொகைக்குக் குறையக்கூடாது, அது வருஷாவருஷம் ஜெனரல் ஃபண்டு வளர்ற அளவுக்கு வளரணும்"னு ஒரு வாக்கியத்துக்கு மல்லுக்கட்டுங்க. சான் ஃபிரான்சிஸ்கோவுல இது உண்டு. அங்க 1994-ல ஜனங்க ஓட்டுப் போட்டு நூலகத்துக்குத் தனி நிதி ஒதுக்குனாங்க. சொத்து மதிப்பு ஒவ்வொரு 100 டாலருக்கும் இரண்டரை சென்ட். அதோட நகரம் ஏற்கெனவே குடுக்கறதைக் குறைக்கக் கூடாதுன்னும் கட்டிப்போட்டாங்க. 2007-லயும் 2022-லயும் மறுபடி ஓட்டு, மறுபடி ஜெயிச்சுது. 2022-ல 25 வருஷத்துக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே சான் ஃபிரான்சிஸ்கோ ஹோட்டல் வரியில இருந்து கலைக்குப் பங்கு குடுக்குது. அந்தப் பழக்கம் 1961-ல இருந்து. 2018-ல ஹோட்டல் வரி 14 சதவீதம்னா அந்த 14-ல ஒன்றரை கலை, பண்பாட்டுக்குன்னு ஜனங்களே ஓட்டுப் போட்டு எழுதி வெச்சுட்டாங்க. கலைக்கு ஹோட்டல் வரி, நூலகத்துக்குச் சொத்து வரி. யாரும் உக்காந்து திட்டம் போட்டு இப்படிச் செஞ்சாங்களான்னு எனக்குச் சந்தேகம். ஆனா கணக்கா பார்த்தா அது சரியாத்தான் இருக்கு. திருவிழாவை ஒரு வருஷம் சின்னதா நடத்திக்கலாம். நூலகருக்கு ஒரு வருஷம் சம்பளம் இல்லைன்னு சொல்ல முடியாது. 2020-ல ரூமெல்லாம் காலியாக் கிடந்தப்ப என் மேசைக்கு வந்த படிவங்கள்ல "தொகை: பூஜ்யம்"னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு அனுப்புனாங்க. நல்ல மனுஷங்க, பூஜ்யத்துக்கும் படிவம் அனுப்பணும்னு தெரிஞ்சவங்க.

---

ராத்திரி_கவுண்டர்

நான் ஹோட்டல் முன் மேசையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன், கலிபோர்னியாவில்தான். ஓட்டு, சட்டம் எல்லாம் கணக்குப்பிள்ளை ஐயா சொல்லிவிட்டார். வரி கட்டுகிற ஆளை நேரில் பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

விருந்தாளி சண்டை போடுவது வரிக்காக இல்லை. ரிசார்ட் கட்டணம் என்று நாங்களே போடுகிறோமே, அதற்காக. பார்க்கிங்குக்காக. 200 டாலர் அறையில் இரண்டு சதவீதம் என்றால் நாலு டாலர். அதைப் பார்த்து ஊரை மாற்றிக்கொண்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பக்கத்து ஊரிலும் இதே அளவு வரி இருக்கிறவரை பயப்பட ஒன்றுமில்லை. 2025-ல் லாஸ் ஏஞ்சலஸில் 14, அனஹைமில் 15 இருந்தது. அங்கே கூட்டம் குறைந்தா போய்விட்டது?

ஆனால் "இரண்டு சதவீதம்" என்று மனக்கணக்குப் போடும்போது கவனம் வேண்டும். 30 நாளுக்கு மேல் தங்குகிறவரிடம் இந்த வரி இல்லை. எங்கள் ஹோட்டலில் பாலம் வேலைக்கு வந்தவர்களும், ஒப்பந்தத்தில் வந்த நர்ஸுகளும் அப்படித்தான் மாதக்கணக்கில் இருக்கிறார்கள். அப்புறம் இணையத் தளத்தில் முன்பதிவு. விருந்தாளி தளத்துக்கு 200 கொடுப்பார், எங்களுக்கு அதில் 160 வரும். வரி எதற்கு என்றால் 160-க்கு. 2016-ல் சான் டியேகோவின் வரி விதியை வைத்து மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, தளக்காரர் எடுத்துக்கொள்கிற லாபம் அறை வாடகையில் சேராது என்று. எனவே உங்கள் ஊர் ஹோட்டல் பலகையில் தொங்குகிற விலையைப் பெருக்கிப் பார்த்துக் கூரைக்கு எஸ்டிமேட் போட்டுவிடாதீர்கள். வீட்டு வாடகைச் செயலிகள் மூலம் வருகிறவர்கள் உங்கள் நகரத்துக்கு வரி கட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். சில ஊர்களில் அதைச் சரியாக வசூலித்தாலே, சதவீதத்தை ஏற்றாமலே பணம் கூடும்.

ஓட்டு இல்லாதவன் தலையில் வரி என்று மணி கேட்டதற்கு. எங்கள் விருந்தாளி காலையில் என்னிடம் கேட்கிறவை: போர்டிங் பாஸ் எங்கே அச்செடுக்கலாம், குழந்தைக்கு மழையில் எங்கே போகலாம், வைஃபை நன்றாக இருக்கிற இடம் எது. லாபியில் இருக்கிற பிரிண்டர் பாதி நாள் மை இல்லாமல் கிடக்கும். நான் கை காட்டுவது நூலகத்தை. அங்கே அட்டை கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. கேம்பர் வண்டியில் சுற்றுகிற ஓய்வு பெற்ற தம்பதிகள் நேராக அங்கேதான் போய் உட்காருகிறார்கள், பழைய ஊர்ப் படங்களைப் பார்த்துக்கொண்டு. ஹோட்டல் அதிபர்கள் சங்கத்தில் இதைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். என்ன, நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

---

ஹூஸ்டன்_மணி

ஓகே, பிரிண்டர் விஷயத்துல நான் தோத்துட்டேன். போன மாசம் டென்வர்ல நானே அதுக்குத்தான் நூலகத்துக்கு ஓடினேன்.

---

பழைய_நூலகர்

மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் மாவட்ட நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அமெரிக்க வரிச் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் நூலகத்துக்கென்று தனி வரி என்பதை நாங்கள் முக்கால் நூற்றாண்டாக நடத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் ஒரு சொல்.

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் அதுதான் முதல். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருடங்களாக வற்புறுத்திவந்தது, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. வீட்டு வரியோடு நூலக வரி. இன்றைக்கு 100 ரூபாய் சொத்து வரி கட்டினால் நூலகத்துக்கு 10 ரூபாய். நகராட்சி ரசீதில் தனி வரியாக அச்சாகி வரும். ஊர்ப்புற நூலகத்தில் ஒரு பெஞ்சும் நாலு நாளிதழும் இருக்கிறதென்றால் அந்தப் பத்து ரூபாய்தான் அதன் அடிப்படை.

சட்டம் எழுதியவர்கள் நல்லபடியாகத்தான் எழுதினார்கள். பணத்தை வசூலிப்பது உள்ளாட்சி, செலவு செய்வது நூலக ஆணைக்குழு. வசூலித்ததை உள்ளாட்சி ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். இந்த "செலுத்த வேண்டும்" என்ற இடத்தில்தான் எங்கள் காலம் முழுவதும் போயிற்று. ஊருக்கு ஊர் பாக்கி. எங்கள் அலுவலகத்திலிருந்து நினைவூட்டுக் கடிதம் போகும். "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். சாலை போட வேண்டும், துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போட வேண்டும், கையில் இருக்கிற பணம் அதற்குப் போய்விடும். நூலகம் மட்டும் யாரையும் அவசரப்படுத்தாதல்லவா, அதுதான் அதன் கஷ்டம்.

எனவே அம்மா, உங்கள் மெஷரில் பணம் முதலில் யார் கணக்கில் விழுகிறது, எத்தனை நாளுக்குள் நூலகக் கணக்குக்கு மாற வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

விடுதி வரியைப் பற்றியும் ஒன்று. எங்களிடமும் 1981 முதல் விடுதி அறைகளுக்கு ஆடம்பர வரி இருந்தது, மாநில அரசுக்கு. 2017 ஜூலை முதல் தேதியோடு அது ஜிஎஸ்டிக்குள் கரைந்துவிட்டது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ எத்தனை பேர் வந்து தங்கினாலும், அறை வாடகை மீது அந்த நகராட்சி தனியாக வரி போட இன்று வழியில்லை. நூலக வரி தப்பியது, வீட்டு வரியோடு ஒட்டிக்கொண்டிருந்ததால். வீட்டை யாரும் எங்கேயும் கொண்டுபோக முடியாது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன சான் ஃபிரான்சிஸ்கோ ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு அதுதான் தோன்றியது.

---

கடலோரக்_காக்கை

அடேயப்பா. எல்லோருக்கும் நன்றி. இன்று சிட்டி ஃபைனான்ஸ் டைரக்டரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் சுற்றுலா மேம்பாட்டு மாவட்டம் இருக்கிறது, ஹோட்டல்காரர்களே போட்டுக்கொண்டது. கூட்டத்தில் எழுந்தவர் ஒருவர்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை! வீட்டு வாடகைச் செயலிகளில் பெரியது ஒன்று வரி வசூலித்துக் கட்டுகிறது, மற்றவை பற்றி "பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.

குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. தலைவி கையெழுத்து வழி என்கிறார். எனக்கு ஆலோசனை மெஷர் போதும் என்று தோன்றியது, ஊரில் சண்டை குறையும். ஆனால் பழைய நூலகர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் அந்த அளவு நம்பிக்கை இல்லை. நல்ல மனதோடு தொடங்கி வசூலும் ஒழுங்காக நடந்து, பணம் மட்டும் வந்து சேராமல் போவது என்பது எங்கள் கவுன்சிலுக்கும் நன்றாகவே பொருந்தும்.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஹோட்டல் வரி ஏறி இறங்குகிறது, நூலகருக்குச் சம்பளம் மாறாமல் வேண்டும் என்றால், இந்த வரியை நாங்கள் கேட்பதே தப்பா? இன்னொன்று, நூலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் எங்களோடு சேர்ந்து மேசை போடலாமா?

---

கணக்குப்பிள்ளை

தப்பில்லைங்க. எதுக்குக் கேக்கறோம்ங்கறதுதான். ஆளுங்க சம்பளத்தை ஜெனரல் ஃபண்டுலயே நிறுத்துங்க, அந்தக் குறையக்கூடாத தொகை அதுக்குத்தான். ஹோட்டல் வரியை கூரை, புத்தகம், கம்ப்யூட்டர், கோடைக்கால நீட்டிப்பு நேரம்னு ஏத்தி இறக்கக்கூடிய செலவுக்கு வெச்சுக்குங்க. முதல் ரெண்டு வருஷம் வர்றதுல ஒரு பங்கை இருப்பா வையுங்க. ஒரு வருஷ வசூல் அளவுக்கு இருப்பு சேர்ந்த பிறகு ஞாயித்துக்கிழமை திறக்கற பேச்சை எடுங்க. ஞாயித்துக்கிழமையைத் திறந்துட்டு மறுபடி பூட்டுனா ஜனங்க கோபம் கவுன்சில் மேல வராது, உங்க மேலதான் வரும்.

சாலினாஸ் கதையைக் கூட்டத்துல சொல்லுங்க. எழுத்தாளர் ஸ்டைன்பெக் பொறந்த ஊர். 2004 கடைசியில பணம் இல்லாம மூணு நூலகத்தையும் மூடப்போறோம்னு நகரம் அறிவிச்சு, நாடு பூரா பேச்சாச்சு. மறு வருஷம் நவம்பர்ல ஜனங்க அரை சென்ட் விற்பனை வரிக்கு ஓட்டுப் போட்டாங்க. அது பொதுவான வரிதான், பத்து வருஷத்துக்கு. 2012-ல காலக்கெடு இல்லாம நீட்டிச்சாங்க. "நூலகத்துக்கு மட்டும்"னு எழுதாமலே அங்க நின்னுச்சு. ஊரே ஒரு தடவை பயந்து பார்த்திருந்துச்சு, அதனால நின்னுச்சுன்னு நான் நினைக்கிறேன். உங்க ஊர் இன்னும் பயப்படலை.

ஊழியர்கள் விஷயத்துல கவனம். நகரத்தோட பணத்தையோ, வேலை நேரத்தையோ, போட்டோகாப்பி மெஷினையோ "ஓட்டுப் போடுங்க"ன்னு கேக்கப் பயன்படுத்தக் கூடாது. 1976-லயே மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மெஷர் என்ன சொல்லுதுன்னு பாரபட்சமில்லாம விளக்கலாம், அவ்வளவுதான். வேலை முடிஞ்சு, பேட்ஜைக் கழட்டி வெச்சுட்டு, சொந்த நேரத்துல வந்தாங்கன்னா அவங்க ஊர்க்குடிமக்கள். யாரும் தடுக்க முடியாது. நூலக மேசை மேல உங்க "ஆதரிப்போம்" நோட்டீஸ் ஒண்ணுகூடக் கிடக்கக் கூடாதுங்க. உங்க குழு வரிவிலக்கு பெற்ற தர்ம அமைப்புன்னா மெஷருக்காக ஓரளவு செலவழிக்கலாம், அளவு இருக்குது, உங்க கணக்காளரைக் கேளுங்க. 2,000 டாலரோ அதுக்கு மேலயோ திரட்டிட்டீங்கன்னா பிரசாரக் கமிட்டியாப் பதிவு பண்ண வேண்டி வரும்.

---

கடலோரக்_காக்கை

சரி ஐயா. வரும் வியாழன் கவுன்சில் கூட்டத்தில் இன்னும் எந்த வழி என்று பேசப்போவதில்லை. "இப்போது கொடுக்கிற தொகை குறையக்கூடாது, 30 நாளுக்குள் நூலகக் கணக்கில் சேர வேண்டும்" என்ற இரண்டு வாக்கியங்களை மட்டும் ஒரு பக்கத்தில் அச்சடித்து ஐந்து பேருக்கும் கொடுத்து, இதற்கு யார் யார் சம்மதம் என்று கேட்கப்போகிறோம். சம்மதம் சொல்லத் தயங்கினால் தலைவி கையெழுத்துத் தாளைப் பையிலிருந்து எடுப்பாராம். அச்சு என் வீட்டுப் பிரிண்டரில்தான்.

---

கணக்குப்பிள்ளை

ஆறு பிரதி எடுங்க அம்மணி. ஒண்ணை சிட்டி கிளார்க் கையில குடுத்தாத்தான் பதிவுல ஏறும்.